ஏரியின் ஊட்டம் வீட்டுத் தட்டுக்கும் வரட்டும்

ஒடிசாவின் சிலிக்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரியாகும். அதன் இறாலும் நண்டும் மடவையும் வெளியூர்ச் சந்தைகளில் நல்ல விலை பெறுகின்றன. எனினும், ஏரியை ஒட்டிய ஊர்களிலிருந்து புறநோயாளர் பிரிவுக்கு வரும் தாய்மார் பலரிடம் களைப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் ஆகியவற்றை நாங்கள் காண்கிறோம். இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் இரத்தச்சோகையே தெரியவருகிறது.

2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கும் இரத்தச்சோகை உள்ளது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தச்சோகை எனக் கொள்ளப்படும்.

பொடிமீனின் சிறப்பு

விலை போகும் மீனை விற்பதே குடும்பத்தின் வருவாய். அதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் விலை குறைந்த மீனில் ஊட்டமும் குறைவு என எண்ணுவது தவறு. நெத்திலி போன்ற சிறுமீன்களை மென்முள்ளோடு உண்ணும்போது புரதத்துடன் கால்சியமும் கிடைக்கிறது. மீனிலுள்ள இரும்பின் ஒரு பகுதி உடலில் எளிதாகச் சேரும். உடன் உண்ணும் கீரை, தானியங்களின் இரும்பையும் உடல் ஏற்றுக்கொள்ள மீன் துணைபுரிகிறது. ஆகவே நெத்திலிக் குழம்பையும் முருங்கைக்கீரைப் பொரியலையும் ஒரே வேளையில் உண்பது நல்லது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு முள்ளை முற்றிலும் நீக்கி, மீனை மசித்துக் கொடுக்கலாம்.

கூழ் ஆடி மாதத்திற்கு மட்டுமன்று

100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சும் நம் வழக்கத்தில் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. இரும்பும் கால்சியமும் உடலில் சேராமல் தடுக்கும் ஃபைட்டேட் என்னும் பொருள் புளிக்கும்போது குறைகிறது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றின் வைட்டமின் சி இரும்பு சேர உதவும். தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும்; உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

எச்சரிக்கை தேவைப்படுவோர்

கருவாட்டில் புரதம் மிகுதி, உப்பும் மிகுதி. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊறவைத்துக் கழுவினாலும் கருவாட்டின் உப்பு முழுவதும் நீங்காது. எனவே உயர் இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் கீரையின் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கூழும் மாவுச்சத்து உணவே. சோற்றுக்கு மாற்றாக அளவோடு உண்ணலாம், சோற்றோடு கூடுதலாக அன்று.

இறுதியில் உண்பவர் யார்?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த அளவின்படி, ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு தேவை. பெண்ணுக்கோ 29 மில்லிகிராம் தேவை. பல வீடுகளில் அனைவரும் உண்டபின் எஞ்சிய குழம்பையே தாய் உண்கிறார். மிகுதியாகத் தேவைப்படுபவருக்கு மிகக் குறைவாகக் கிடைக்கிறது. சமைத்தவுடன் அவருக்குரிய மீனையும் கீரையையும் தனியே எடுத்துவைக்குமாறு கணவர்களையும் மாமியார்களையும் கேட்டுக்கொள்கிறோம். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

ஏற்கெனவே இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு உணவு மட்டும் போதாது. கர்ப்பிணிகள் 180 நாள்களுக்கு வழங்கப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளைத் தவறாது உட்கொள்ள வேண்டும். கால்சியம் மாத்திரையை அதே வேளையில் சேர்த்து விழுங்கலாகாது. மலம் கருமையாவது இரும்பு மாத்திரையின் இயல்பான விளைவே. அதற்காக நிறுத்த வேண்டாம். வயிற்று எரிச்சல் இருந்தால் எங்களிடம் கூறுங்கள். உட்கொள்ளும் முறையை மாற்றித் தருகிறோம். அடுத்த முறை குழந்தையையோ பெரியவரையோ மருத்துவமனைக்கு அழைத்து வரும் தாய்மார்கள், தங்கள் ஹீமோகுளோபின் அளவையும் பரிசோதித்துச் செல்ல வேண்டுகிறோம்.