அறப்பாடம்: நோயுற்றார்க்கு நிழலாதல்

சிவகிரி வட்டாரத்தில் வாழும் நமக்குக் கழுகுமலை புதியதன்று. ஏறத்தாழ 1,200 ஆண்டுகட்கு முன் அங்குச் செதுக்கப்பெற்ற பார்சுவநாதர் திருவுருவில், கமடன் பாறையை ஓங்குகின்றான். தரணேந்திரன் படம் விரித்துக் காக்கின்றான். தவம் பகவானுடையது. அதனைத் தரணேந்திரன் தான் ஏற்றுச் செய்ய இயலாது. அருகில் நின்று நிழல் தர இயன்றது. புற்றுநோயுற்றாருக்கு நாம் ஆற்றத்தக்கதும் அத்தகையதே.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்று இதற்கு வழிகாட்டும்.

முதலாவது, உவர்ப்பின்மை. புற்றுநோய் தொடுவதாலோ உடன் உண்பதாலோ பரவுவதன்று. நோயாளிக்கெனத் தனிக் குவளை ஒதுக்கும் வீட்டில், நோயினும் அக்குவளையே மிகுதியாகச் சுடும்.

இரண்டாவது, நிலைநிறுத்தல். “எல்லாம் முன்வினைப் பயன்” என்று ஆறுதலாக நாம் கூறுவது, படுக்கையில் இருப்பவர் செவியில் குற்றச்சாட்டாக விழும். வினைக்கொள்கை தன்னைத் தான் ஆராய்தற்கு உரியது. பிறர் நோயை எடைபோடுதற்கு அன்று. நோவை எண்ணி எண்ணி உழல்வதை ஆர்த்த தியானம் என்பர் ஆன்றோர். அதனை நம் சொல்லால் வளர்த்தல் தகுமா? “அழாதீர்கள்” என்பதும் வேண்டா. அவர் அச்சத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருத்தலே முதல் உதவி.

மூன்றாவது, வாத்சல்யம். அறுவை முடிந்த வாரத்தில் உறவினர் திரள்வர். ஆறு திங்கள் கழிந்தபின் வாயிற்படி வெறிச்சோடும். சிகிச்சை முடிந்தாலும் நோய் மீளுமோ என்னும் அச்சம் முடிவதில்லை. அப்போது செல்லுதல் வேண்டும். இரவெல்லாம் கண்விழிக்கும் மனைவிக்கோ மகனுக்கோ ஒருநாள் ஓய்வளித்தலும் இப்பணியே. நோயுற்றாருக்குத் தொண்டாற்றும் வையாவிருத்தியத்தை நம் சமயம் அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்துள்ளது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் துயரமே, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. துயரம் தொண்டாக மாறியமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அன்பு ஒன்றே போதும் என்றிருத்தலும் கூடாது. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, வாழ்வே வேண்டா என்னும் பேச்சு ஆகியன காணின் மருத்துவரிடம் மறைக்காது உரைக்க வேண்டும். 2022இல் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி எண் 14416, தமிழிலும் பேசலாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வலிதணிப்புப் பராமரிப்பை இல்லத்திற்கே கொணர்கின்றது.

சிந்தனைக்கு: நம் தெருவில் நோயுற்றிருப்பவர் யார்? அவர் இல்லத்திற்கு நாம் இறுதியாகச் சென்றது என்று? அடுத்துச் செல்லும் நாள் எது? மூன்றாம் வினாவிற்கு விடையைச் சொல்லால் அன்றிச் செயலால் எழுதுவோமாக.