தேவை அறிந்து தொடங்குதல்

மாணவர்களே! ஏர் பூட்டுமுன் உழவன் விதை உண்டா, நீர் உண்டா, நிலம் பதமாயிற்றா என்று பார்க்கின்றான். இவற்றுள் ஒன்று குறையினும் உழைப்பு வீணாகும். இதனை உணர்த்தவே வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரம் வகுத்தார். வயலுக்குரிய இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும் என்பதை யான் ஒரு மாணவியிடம் கற்றேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, வத்திராயிருப்பை அடுத்துள்ள வ. புதுப்பட்டி எங்கள் ஊர். பணி ஓய்வுக்குப் பின் மாலைதோறும் மாணவர் சிலர்க்கு யாப்பிலக்கணம் கற்பித்து வந்தேன். அவருள் ஒருத்தி செய்யுளின் எழுத்துகளைக் கணினியால் எண்ண விழைந்தாள். 'தமிழ்' என்னும் சொல்லை இட்டாள்; கணினி ஐந்து என்றது. "மூன்றெழுத்தை ஐந்து என்னும் பொறிக்கு யாப்பு எதற்கம்மா?" என்று நகைத்தேன். அவள் நகைத்திலள், காரணத்தைத் தேடினாள்.

ஒருங்குறி முறையில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும் ஆகிய இரண்டு. 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும் ஆகிய இரண்டு. தகரத்தொடு கூட்ட ஐந்தாயின. பொறி எழுத்தை எண்ணாது குறியை எண்ணியது, அவ்வளவே.

இக்குறையை நீக்குவது 'ஓப்பன்-தமிழ்' என்னும் நிரல்தொகுப்பு. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலை முதலியோர் உழைப்பால் விளைந்த இதனை யாவரும் விலையின்றிப் பெறலாம். இது, கைடோ வான் ராசம் என்னும் நெதர்லாந்து அறிஞர் 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழிக்குரியது. தொகுப்புகளைக் கொணர்ந்து நிறுவும் ஏவலாளுக்குப் 'பிப்' என்று பெயர். ஒரு தொகுப்பு வேறு தொகுப்புகளை வேண்டுமாயின், பிப் அவற்றையும் உடன் கொணரும்.

ஆயினும் முதல் முயற்சி தோற்றது. அவள் கணினியில் இருந்தது பைத்தான் 2. அதன் பராமரிப்பு 2020 ஜனவரி 1-ஆம் நாளொடு முடிந்துவிட்டது. "விட்டுவிடு" என்றேன். "இல்லை ஐயா, பிழைச்செய்தியே இன்னது வேண்டும் என்று கூறுகின்றதே!" என்றாள் அவள். பின்னர்ச் செய்தவற்றை முறையாகக் கேளுங்கள்.

முதற்கண், தொகுப்பு வேண்டும் பைத்தான் பதிப்பு எது என்று பார்த்து, அதனை நிறுவினாள். அடுத்து, 'வென்வ்' என்னும் கருவியால் அம்முயற்சிக்கெனத் தனிச்சூழல் அமைத்தாள். ஒரு நிரல் பழைய பதிப்பையும் மற்றொன்று புதியதையும் வேண்டினால் இரண்டும் முரணும். தனித்தனி அறை இருப்பின் முரண் இல்லை. மூன்றாவதாக, தொகுப்பின் பெயரை எழுத்துப் பிழையின்றி இட்டாள். பொதுக் களஞ்சியத்தில் எவரும் தொகுப்பை வைக்கலாம் ஆதலின், ஒத்த பெயரில் தீய நிரலும் இருத்தல் கூடும். இறுதியாக, நிறுவியவற்றின் பெயரையும் பதிப்பெண்ணையும் பட்டியலாக்கினாள். அப்பட்டியல் இருப்பின், பிறரும் தம் கணினியில் அவற்றையே நிறுவலாம்.

மீண்டும் 'தமிழ்' என இட்டாள். த, மி, ழ் என மூன்றாய்ப் பிரிந்து நின்றது அச்சொல்! யான் நாணினேன். என் சொற்கேட்டு அவள் விட்டிருப்பின், பொறி தமிழறியாது என்னும் தவற்றையே இன்றும் கற்பித்துக்கொண்டிருப்பேன்.

மாணவர்களே! தடை வந்துழிச் சினவாதீர். அது கூறும் செய்தியைப் படியுங்கள். இல்லாதது இன்னதென அறிந்தவனுக்கு வேலையில் பாதி முடிந்தது.