அடுத்த துறைக்கும் போய்ப் பாருங்கள்

மைக் மெக்கானல் 1967-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் பணி, பிறகு உளவுப் பிரிவு. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2007-இல், அந்நாட்டில் அப்போதிருந்த 16 உளவு அமைப்புகளையும் ஒருங்கிணைக்கும் தேசிய உளவுத்துறை இயக்குநரானார். இடைப்பட்ட பாதையில் நமக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

1990-இல் குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்தபோது, அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் காலின் பவலின் உளவு அதிகாரி அவர்தான். பவல் கறாரான ஆள். தெரிந்தது எது, தெரியாதது எது, நீ நினைப்பது எது என மூன்றையும் பிரித்துச் சொல்லச் சொல்வார். இன்றே உங்கள் வேலையில் இதைச் செய்து பாருங்கள். “சரக்கு வெள்ளிக்கிழமை வந்துடும் சார்” என்கிறீர்கள். லாரி கிளம்பிவிட்டது என்று டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்களா, கிளம்பியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இரண்டாவது என்றால் அப்படியே சொல்லுங்கள். மேலதிகாரி அதற்கேற்ப மாற்று ஏற்பாடு செய்துகொள்வார்.

1992 முதல் 1996 வரை தேசியப் பாதுகாப்பு முகமையின் தலைவர். ஓய்வுக்குப் பின் பூஸ் ஆலன் ஹாமில்டன் ஆலோசனை நிறுவனம். அரசு, தனியார் இரண்டையும் உள்ளிருந்து பார்த்தவர் அவர். இயக்குநராக வந்ததும் கொண்டுவந்த விதிதான் அவர் செய்ததிலேயே உருப்படியானது என்பேன். உளவு அதிகாரி உயர்பதவிக்கு வர வேண்டுமா? வேறோர் அமைப்பில் போய் வேலை பார்த்திருக்க வேண்டும். ராணுவத்தில் 1986-லேயே இதுபோல ஒரு சட்டம் வந்திருந்தது. நாமோ மாறுதல் உத்தரவு வந்தாலே தண்டனை என்று முகம் வாடுகிறோம். நீங்களே கேட்டு வாங்குங்கள்: விற்பனையில் இருந்தால் கணக்குப் பிரிவில் ஓராண்டு, கணக்கில் இருந்தால் கிடங்கில் ஆறு மாதம். பில் ஏன் தாமதமாகிறது, சரக்கு எங்கே தேங்குகிறது என்பது அங்கே உட்கார்ந்தால்தான் புரியும்.

அவரும் சறுக்கினார். 2007 செப்டம்பரில் செனட் குழுவின் முன், ஜெர்மனியில் ஒரு சதியை முறியடிக்கப் புதிய கண்காணிப்புச் சட்டம் உதவியது என்றார். அது சரியல்ல என்று தெரிந்ததும், சில நாட்களிலேயே பகிரங்க அறிக்கை விட்டுத் திருத்தினார். உங்கள் அறிக்கையில் பிழை இருந்தால், மேலதிகாரி காதில் மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். முதல் மின்னஞ்சல் யார் யாருக்குப் போனதோ, அத்தனை பேருக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். எந்த வரி தவறு, சரியான தகவல் எது என்பதை முதல் வாக்கியத்திலேயே எழுதிவிடுங்கள்.