நசிகேதன் கேட்ட முதல் வரம்

1997-ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த மாணவி ஒருவர் இணையத்தில் ஒரு சிறு பக்கத்தைத் தொடங்கினார். துணை அமையாமல் தனிமையில் வாடுபவர்கள், ஆண்களாயினும் பெண்களாயினும், தங்கள் மனச்சுமையைக் கூச்சமின்றிப் பகிர்ந்துகொண்டு ஒருவரையொருவர் தேற்ற வேண்டும் என்பதே அவரது நோக்கம். 'விரும்பி ஏற்காத பிரம்மச்சரியம்' என்று பொருள்படும் சொற்றொடரை அவர் அந்நிலைக்குப் பெயராகச் சூட்டினார். சில ஆண்டுகளில் அவர் அதிலிருந்து விலகிக்கொண்டார். அச்சொற்றொடரின் சுருக்கமான 'இன்செல்' என்பது பின்னாளில் பெண்களை வெறுக்கும் ஆண்களின் குழுக்களுக்குப் பெயராயிற்று.

ஆறுதலுக்காக அமைந்த இடம் வெறுப்பின் உறைவிடமானது எவ்வாறு? பெரிய சதி எதுவும் இதற்குத் தேவையில்லை. இத்தகைய இடத்தில் ஆறுதல் பெற்றவர் தம் வழியே சென்றுவிடுகிறார், ஆறாதவரே தங்கிவிடுகிறார். தங்கியவர்கள் நாள்தோறும் ஒரே புண்ணைக் கிளறுகின்றனர். பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் மனிதனின் வீழ்ச்சியைப் படிப்படியாகக் காட்டுகிறது. அதன் முதற்படி ஆசையும் அன்று, சினமும் அன்று. ஒன்றையே ஓயாமல் எண்ணிக்கொண்டிருத்தல்தான். பற்று, ஆசை, சினம், மதிமயக்கம், நினைவுத் தடுமாற்றம், விவேகத்தின் அழிவு ஆகியவை எல்லாம் அதன் பின்னரே வருகின்றன. மனிதனை அந்த முதற்படியிலேயே நிறுத்திவைப்பதற்கென்று அமைந்தவைபோல் இருக்கின்றன இக்குழுக்கள். அங்கே தாடையின் அமைப்பு, உயரம், தோற்றம் ஆகியவற்றைக் கொண்டு ஆண்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் இடுகின்றனர். குறைந்த மதிப்பெண் பெற்றவனுக்கு இனி விமோசனமே இல்லை என்கின்றனர். சொல்பவர்கள் பகைவர்கள் அல்லர், அவனைப் போன்றே துன்புறுபவர்கள். ஆதலால் அவன் நம்பிவிடுகிறான்.

இவர்களுள் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை, உள்ளுக்குள்ளேயே கருகுகின்றனர். ஆயினும் 2018 ஏப்ரல் 23 அன்று டொரன்டோ நகரில் 25 வயது இளைஞன் ஒருவன் நடைபாதையில் வேனை ஓட்டிச் சென்று மக்களை மோதிக் கொன்றான். அன்று பத்துப் பேர் இறந்தனர். படுகாயமுற்ற ஒரு பெண்மணி 2021-ல் உயிர்நீத்தார். இச்செயலுக்குச் சற்றுமுன் அவன் இன்செல் 'புரட்சி'யைப் போற்றி இணையத்தில் எழுதியிருந்தான். 2021-ல் தீர்ப்பளித்த நீதிபதி, புகழ்வெறி அவனை ஆட்கொண்டிருந்ததைக் கண்டு, தீர்ப்பில் அவன் பெயரைக் குறிப்பிடவே மறுத்துவிட்டார். தனக்கு மதிப்பே இல்லை என்று நம்பிவிட்டவன், பிறரது அச்சத்திலிருந்தாவது மதிப்பைப் பறிக்க முயல்கிறான்.

இதை மேலைநாட்டு நோய் என்று ஒதுக்கிவிட இயலாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022-ல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். குடும்பச் சிக்கல், நோய், கடன் எனக் காரணங்கள் பல. தனிமையின்மீது மட்டும் பழியைச் சுமத்துவது சரியன்று. ஆனால் 'ஆண்பிள்ளை அழலாமா?' என்று கேட்டே வளர்க்கப்பட்டவன் தன் துன்பத்தை யாரிடம் சொல்வான்? முகம் தெரியாதவரிடம் சொல்வதே அவனுக்கு எளிதாக இருக்கிறது.

புறக்கணிக்கப்பட்ட ஒருவனைக் கடோபநிஷதமும் நம்முன் நிறுத்துகிறது. அவன் இன்னும் சிறுவன். அவனைத் தள்ளியவரோ பெற்ற தந்தை. வேள்வியில் தந்தை வாஜசிரவஸ் கறவை வற்றிய கிழப் பசுக்களைத் தானம் செய்வதைக் கண்டபோது நசிகேதனுள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம். 'என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?' என்று அவன் மீண்டும் மீண்டும் கேட்க, 'எமனுக்கு!' என்று சீறினார் தந்தை.

இதைவிடக் கொடிய நிராகரிப்பு உண்டோ? அவ்வேளையில் நசிகேதன் தன்னையே மதிப்பிட்டுப் பார்க்கிறான்: பலருள் தான் முதல்நிலையில் இருப்பவன், பலருள் இடைநிலையில் இருப்பவன். கடைநிலை என்ற பேச்சே அவனிடம் இல்லை. தன்னை எல்லோரினும் உயர்ந்தவன் என்றும் அவன் பெருமை கொள்ளவில்லை. ஒரு மாணவனாக, ஒரு மகனாகத் தான் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியே அவன் எண்ணுகிறான் என்று விளக்குகிறார் சங்கரர். இங்கு அளவுகோல் நடத்தை. முகத்தை மாற்றிக்கொள்ள இயலாதவனும் நடத்தையை மாற்றிக்கொள்ள இயலும் அல்லவா? 1897-ல் கல்கத்தாவில் சுவாமி விவேகானந்தர், சிரத்தை என்ற இச்சொல்லை மொழிபெயர்ப்பது தவறாகும் என்று கூறினார். (மொழிபெயர்ப்பாளர்கள் நினைவில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை இது.) 'நம்பிக்கை' என்று மட்டும் எழுதிவிட்டால், ஒருவன் தன்மீது வைக்கும் இந்த நிதானமான மதிப்பு விடுபட்டுப்போகிறது.

எமனின் இல்லத்தை அடைந்தபோது எமன் அங்கில்லை. உணவின்றி மூன்று இரவுகள் நசிகேதன் தனியே காத்திருந்தான். அவ்விரவுகளில் தந்தையின் ஒரே சொல்லை அவன் ஆயிரம் முறை அசைபோட்டிருக்கலாம்.

திரும்பி வந்த எமனிடம், வீட்டுக்கு வந்த விருந்தினன் நெருப்பைப் போன்றவன், அவனுக்குத் தண்ணீர் கொண்டுசெல் என்று கூறப்படுகிறது. மரணத்தின் தலைவனே ஒரு சிறுவனை வணங்கி, காத்திருந்த இரவுக்கு ஒன்றாக மூன்று வரங்கள் அளிக்கிறான். கதவை மூடிக்கொண்டு இரவெல்லாம் திரையின் முன் அமர்ந்திருக்கும் மகனின் அறைக்குத் தண்ணீர்ச் செம்புடன் செல்லும் பெற்றோர் எத்தனை பேர்? 'படிக்கிறான்' என்று எண்ணி விலகிச் செல்வது எளிது. மகன் சினந்து பேசலாம் என்ற அச்சமும் உண்டு. நெருப்பு என்று உபநிஷதம் சொல்வது வெறும் உவமைக்காக அல்ல.

ஆத்ம வித்தை மூன்றாவது வரத்தில்தான் வருகிறது. கற்பவர்கள் பலரும் அங்கே விரைந்து சென்றுவிடுகின்றனர். முதல் வரத்தில் நசிகேதன் கேட்டது இது: தந்தையின் சினம் தணிய வேண்டும், அவர் மனம் அமைதியுற வேண்டும், தான் திரும்பிச் செல்லும்போது அவர் தன்னை அடையாளம் கண்டு அன்புடன் பேச வேண்டும். மகனைச் சபித்துவிட்டு அந்த மூன்று இரவுகளில் வாஜசிரவஸ் எவ்வாறு இருந்தார் என்று உபநிஷதம் கூறவில்லை. ஆனால் வரத்தை அளிக்கும் எமன், அவன் கேட்காத ஒன்றையும் சேர்த்தே வாக்களிக்கிறான்: இனி உன் தந்தை இரவுகளில் நிம்மதியாக உறங்குவார்.