கோழி வலையை நம்பாதீர்கள்

ஹார்ட்வேர் கடையில் கோழிக்கூண்டுக்கு வலை கேட்டால், அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பிச் சுருளை எடுத்துப் போடுவார்கள். பெயரே கோழி வலைதான். 2022-இல் கோழித் தட்டுப்பாடு வந்து, ஜூன் 1 முதல் மலேசிய அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்திய நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் ஆறு கம்பத்துக் கோழி வளர்க்க ஆசைப்பட்டு நானும் அந்தச் சுருளைத்தான் வாங்கினேன். மூன்றாம் மாதம் ஒரு விடியலில் திறந்து பார்த்தால், ஐந்து கோழிகள் பரணின் ஒரே ஓரத்தில் ஒட்டி நின்றன. முட்டைப் பெட்டிக்குப் பின்னால் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது, நடுவயிறு மட்டும் புடைத்து. வலையைத் தலையால் நெம்பி உள்ளே வந்துவிட்டது. தின்ற பிறகு அதே வழியில் வெளியே போக முடியவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் கட்டையைத் தூக்காதீர்கள். 999-ஐ அழைத்தால் தீயணைப்புத் துறையினரோ பொதுத் தற்காப்புப் படையினரோ வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். மலைப்பாம்பு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

இனி கூண்டு. தாமான் வீட்டுக்காரர்கள் ஆணி அடிப்பதற்கு முன்பே நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிடுவது நல்லது. பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், குஞ்சுதான் பொரிக்காது.

முதலில் இடம். ஜொகூர் பொந்தியானில் கம்பத்துப் பக்கம் போனால் பாரிட் ஓடாத இடம் அரிது. பல ஊர்களின் பெயரே பாரிட் என்றுதான் தொடங்கும். அந்த வாய்க்கால் கரைதான் பாம்புக்கும் உடும்புக்கும் நடைபாதை. கூண்டு அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சுற்றிலும் ஆறடிக்குப் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள். ரம்புத்தான் கிளை எதுவும் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மரநாய் கிளை வழியாகத்தான் இறங்கும்.

கூண்டின் தரை இரண்டடியாவது உயரத்தில் இருக்கட்டும். ஆண்டுக் கடைசி மழையில் உங்கள் வாசலில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் கறை இருக்கும். அதற்கும் மேலே வையுங்கள். பெக்கான் நானாஸ் பக்கம், அன்னாசி விளையும் கரிய சதுப்பு மண்ணில், கூண்டுக்கால் மெல்லப் புதையும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் கான்கிரீட் பலகை ஒன்று போட்டுவிட்டால் கூண்டு சாயாது.

ஆறு கோழிக்கு ஆறடிக்கு நான்கடி கூண்டு போதும். பகலில் நடமாட, அதை ஒட்டி ஆறடிக்குப் பத்தடியில் வலைக் கொட்டகை. கூண்டுக்குள் பரண் கட்டையை முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி பெட்டியிலேயே படுத்து, முட்டையெல்லாம் எச்சமாகும். இரண்டங்குலக் கட்டையின் தட்டையான பக்கம் மேலே இருக்கட்டும். பெட்டி ஓரடிச் சதுரம், நான்கு கோழிக்கு ஒன்று என்று கணக்கு. உள்ளே மரச்சீவல் பரப்பினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

நம் வெக்கைக்குக் காற்று முக்கியம். கூரைத் தகரத்துக்குக் கீழே சுற்றிலும் ஒரு சாண் திறப்பு விட்டு, அதையும் வலையால் மூடுங்கள். மேற்குச் சுவரை மட்டும் முழுக்கப் பலகையால் அடைத்துவிடலாம். மலாக்கா நீரிணையிலிருந்து விடியற்காலையில் சுழற்றி அடிக்கும் சுமத்ரா காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் மழையைக் கொண்டுவந்து கொட்டும்.

வலைக்கு வருவோம். பணத்தை இங்கேதான் போட வேண்டும். அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, பற்றவைத்த ஜி.ஐ. கம்பி வலை வாங்குங்கள். பெருவிரல் நுழைகிற இடுக்கில் எலியும் குட்டிப்பாம்பும் நுழையும். கண் பெரிதாக இருந்தால் மரநாய் உள்ளே வரவே வேண்டியதில்லை. கையை விட்டு, தூங்கும் கோழியை இழுத்துவிடும். வலையை ஸ்டேப்பிள் முள்ளால் மட்டும் அடித்தால் ஒரு நெம்பலில் பெயர்ந்துவிடும். என் முதல் கூண்டில் நடந்தது அதுதான். சட்டத்தின் மேல் வலை, வலையின் மேல் மெல்லிய ரீப்பர், அரையடிக்கு ஒரு திருகாணி என்று இறுக்குங்கள்.

புத்தகங்கள் வலையை இரண்டடி ஆழம் புதைக்கச் சொல்லும். இங்கே பல இடங்களில் ஓரடி தோண்டினாலே தண்ணீர் ஊறும், புதைத்த கம்பி துருப்பிடித்துப் பொடியாகும். அதனால் கொட்டகையின் அடியில் வலையை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கித் தரையில் படுக்கப் போட்டு, மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். தோண்ட வரும் நாயும் உடும்பும் சுவரோரத்தில்தான் பிறாண்டும். காலடியில் கம்பி தட்டும், விட்டுவிடும். கொட்டகைக்கும் கூரை வேண்டும். பருந்துக்காக மட்டுமல்ல, காட்டுப்பறவை எச்சம் விழுந்தாலும் நோய் வரும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போடுவதைப் பற்றிக் கால்நடை மருத்துவ அலுவலகத்தில் கேளுங்கள்.

கதவுக்கு வெறும் கொக்கி போட்டால் குரங்கு இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். தாழ்ப்பாளும் பூட்டும் போடுங்கள். ஆயா காலத்தில் தோட்டத்து லயத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல் வைத்தால் போதும். அப்போது வாசலுக்கு ஒரு நாய் படுத்திருந்தது.

கூண்டை எவ்வளவு கெட்டியாகக் கட்டினாலும் தீவனத்தை இறைத்து வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மிச்சத் தீவனத்தை அந்தியில் எடுத்து, மூடி இறுகும் தகர டின்னில் போட்டுவிடுங்கள். தண்ணீர்த் தட்டைத் தினமும் கவிழ்த்துக் கழுவுங்கள், ஏடிஸ் கொசு பெருகாமல் தடுக்க அது போதும்.

கடல்காற்றில் ஜி.ஐ. கம்பியும் துருப்பிடிக்கத்தான் செய்யும். மாதம் ஒருமுறை, முக்கியமாக அடிப்பக்க மூலைகளில், வலையைக் கையால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கினால் அன்றைக்கே மாற்றுங்கள். ராத்திரி ஏழு மணி வாக்கில் கோழிகள் தாமாகவே பரணேறிவிடும். டார்ச் அடித்து எண்ணிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.