மலை வீட்டுக்குக் குடிபோகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீயும் மருமகனும் அவுஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியிலுள்ள வின்மலியில் வீடு வாங்கிவிட்டீர்கள் என்று அம்மா சொன்னா. நல்ல காற்று, கிளி கத்தும் காலை, பிள்ளைகள் ஓடித் திரிய ஒரு வளவு. எனக்கு மனம் நிறைந்த சந்தோசம். அந்த மலைப்பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்தவள் என்ற உரிமையில் ஒரு விசயத்தை உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். பால் காய்ச்சிக் குடிபுகுந்த கையோடு நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, காட்டுத்தீயை நினைத்துக் கூரையையும் கூரையோரத்து மழைநீர்ப் பீலியையும் பார்ப்பது.

காட்டுத்தீ ஒரு வீட்டை எப்படி எரிக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள். மரங்களுக்கு மேலாக எழும் பெருஞ்சுவாலையைத்தான் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். அந்தச் சுவாலை நேரே தொட்டு எரிகிற வீடுகள் குறைவு. பெரும்பாலான வீடுகளை அழிப்பது காற்றில் பறந்து வரும் தணல். இங்குள்ள யூக்கலிப்டஸ் மரங்கள் சிலவற்றின் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும். அது தீப்பிடித்து மேலே கிளம்பினால் வெகுதூரம் போகும். விக்டோரியாவில் 2009 பெப்ரவரி 7ஆம் திகதி, 'கறுப்புச் சனி' என்கிறார்களே அந்த நாளில், தீ எரிந்த இடத்திலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளியும் தணல் விழுந்து புதுத் தீ மூண்டது. ஊருக்குள் விழுவது நகமளவுத் தணல்தான். ஆனால் தீ வந்துசேர முன்னமே அது விழத் தொடங்கும்; தீ கடந்து போன பிறகும் மணிக்கணக்காக விழுந்துகொண்டிருக்கும்.

கன்பராவில் 2003 ஜனவரி 18ஆம் திகதி ஏறத்தாழ 500 வீடுகள் எரிந்தன. நான்கு பேர் இறந்தார்கள். டஃபி என்ற புறநகரில் காட்டோரத்து வீடுகள் மட்டுமல்லாமல் பல வரிசை உள்ளே இருந்த வீடுகளும் போயின. பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணம் தணலும், எரிகிற பக்கத்து வீட்டின் வெக்கையும். ஆகவே காடு நாலு வீடு தள்ளித்தானே இருக்கிறது என்று நீ ஆறுதல்பட இடமில்லை.

இனிப் பீலிக்கு வருகிறேன். கிடுகால் வேய்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் வாணம் விட ஊரில் பெரியவர்கள் விடமாட்டார்கள். ஓட்டு வீட்டுக்கும் தகரக் கூரைக்கும் அந்தப் பயம் வேண்டாம் என்று எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் பீலி நிறையக் காய்ந்த இலை கிடந்தால், கூரையின் ஓரம் முழுக்கக் கிடுகு கட்டி வைத்ததற்குச் சமம். தகரப் பீலி எரியாது. உள்ளே கிடக்கும் இலை எரியும். அந்தச் சுவாலை பீலிக்குப் பின்னால் இருக்கும் விளிம்புப் பலகையைப் பிடிக்கும், ஓட்டின் அடியால் நுழைந்து கைமரங்களுக்குப் போகும். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் காய்ந்த மரமும் பல வருசத்துத் தூசியும் இருக்கின்றன. அங்கே பிடித்த தீ வெளியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. தெரியவரும்போது அநேகமாகக் கூரை முழுக்கப் பிடித்திருக்கும்.

ஆகவே பீலியைத் துப்புரவாக வைத்திருங்கள். ஆனால் வருசத்துக்கு ஒருமுறை வாரினால் போதாது. குளிர்நாட்டு மரங்கள் இலையுதிர் காலத்தில் ஒரேயடியாகக் கொட்டி முடிக்கும். யூக்கலிப்டஸ் அப்படியில்லை. வருசம் முழுக்க உதிர்க்கும். அதிலும் தீ அபாயம் கூடிய கோடையில்தான் இலையும் பட்டையும் கூடுதலாக விழும். நியூ சவுத் வேல்ஸில் வழக்கமான தீ அபாய காலம் ஒக்டோபர் 1 தொடங்கி மார்ச் 31 வரை. செப்டெம்பருக்கு முன் ஒருதரம் முழுதாக வாரிவிட்டு, பிறகு மார்ச் முடியும்வரை இரண்டு மூன்று கிழமைக்கு ஒருதரம் பாருங்கள். பலத்த காற்றடித்தால் அடுத்த நாளே பாருங்கள். கோடை இன்னும் வரவில்லையே என்று இருந்துவிட வேண்டாம். நீங்கள் போகிற வின்மலியிலும் அதைச் சுற்றியும் 200க்குக் கிட்டிய வீடுகள் எரிந்தது 2013 ஒக்டோபர் 17ஆம் திகதி. அது வசந்தகாலம்.

பீலிக்கு மேல் கம்பி வலை போடலாமா என்று மருமகன் கேட்பார். போடலாம், உலோக வலையாக இருந்தால். பிளாஸ்டிக் வலை வேண்டாம். அது தானே உருகி எரியும். வலை போட்ட பிறகும் இலை அதன்மேல் படியும், அதையும் வாரத்தான் வேண்டும். இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளம், கூரை சுவரோடு முட்டும் மூலை, சோலர் தகடுகளின் அடி ஆகிய மூன்றிலும் இலை ஒதுங்கிக் கிடக்கும். பீலியை மட்டும் வாரிவிட்டு இவற்றை மறக்க வேண்டாம்.

அடுத்தது இடைவெளிகள். விலகிய ஓடு, வெடித்த ஓடு, முகட்டோட்டின் கீழ் உதிர்ந்த சாந்து, தகரத்தின் நெளிவுகள் முகட்டில் விடும் ஓட்டை, காற்றுப் போக வைத்த துவாரங்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காட்டுத்தீ அபாயமுள்ள இடங்களில் வீடு கட்டுவதற்கான ஏ.எஸ். 3959 என்ற அவுஸ்திரேலியத் தரவிதி, துவாரங்களுக்குப் போடும் வலையின் கண் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. துருப்பிடிக்காத உருக்கு அல்லது வெண்கலம் என்றால் சரி. தகர நெளிவுகளை எரியாத கனிமக் கம்பளியால் அடைக்கலாம். ஓட்டுக் கூரை என்றால் ஓட்டின் கீழ் தீத்தாங்கும் விரிப்பு இருக்கிறதா என்று கூரை வேலைக்காரரிடம் கேளுங்கள். கூரையில் ஏர் கூலர் இருந்தால் அதற்கும் உலோக வலை வேண்டும். ஓடுகிற விசிறி தணலை உள்ளே இழுத்துவிடும்.

கீழேயும் ஒருதரம் சுற்றிவர வேண்டும். கதவடியில் கிடக்கும் கால்மிதி, சுவரோடு அடுக்கிய விறகு, யன்னலுக்குக் கீழ் பரப்பிய மரச்சீவல், பலகைத் திண்ணைக்கு அடியில் சேர்ந்த சருகு எல்லாம் தணல் தங்குகிற இடங்கள். வெளியில் நிற்கும் காஸ் சிலிண்டரின் வால்வு வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க இருக்கட்டும்.

ஏணி விசயத்தில் ஒரு கண்டிப்பு. ஒருவர் ஏறினால் மற்றவர் கீழே பிடிக்க வேண்டும். ஏணியில் நின்றபடி எட்டிய தூரம் வாரி, பிறகு ஏணியை நகர்த்துங்கள். செங்குத்தான கூரை என்றால் காசு கொடுத்து ஆளைக் கூப்பிடுங்கள். தீ வருகிற நாளில் கூரைமேல் ஏறவே கூடாது. புகையிலும் காற்றிலும் விழுந்தால் அம்புலன்ஸ் வந்துசேரும் என்று சொல்ல முடியாது.

அந்த நாளில் நேரமிருந்தால் செய்யக்கூடிய ஒரு நல்ல வேலை உண்டு. பழைய காலுறையில் மண் நிரப்பிப் பீலியின் இறங்குகுழாய் வாயை அடைத்து, பீலியில் தண்ணீர் நிரப்பலாம். பீலி ஒழுகாமல் தண்ணீரைத் தாங்குமா என்று குளிர்காலத்திலேயே பார்த்து வையுங்கள். கூரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய்களை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தீ வரும்போது மின்சாரம் போகும், பம்ப் நிற்கும், தெருக்குழாயில் அழுத்தம் குறையும்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், நீங்கள் நின்று தீயோடு போராட வேண்டும் என்பதல்ல. கறுப்புச் சனியில் இறந்த 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள்தான் இறந்தார்கள். பலர் வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் கடைசி வரை நிற்கிறார்கள். வீட்டைக் காக்கிற வேலை இன்னும் முடியவில்லை என்ற எண்ணமே அவர்களைப் பிடித்து வைக்கிறது. அந்த வேலையை மாதக்கணக்கில் முன்கூட்டியே முடித்தவர் நேரத்தோடு போய்விடலாம். நீங்கள் இல்லாத நேரத்தில் வீடு தன்னைத்தானே காத்துக்கொள்ளத் தக்கதாக இருக்க வேண்டும். பீலியும் வலையும் அதற்குத்தான்.

தீ அபாயம் உச்சப்படியான 'கற்றஸ்ட்ரொபிக்' என்று அறிவித்தால் எப்படிப்பட்ட வீட்டையும் நம்பாதே. முதல் நாள் இரவே, அல்லது அன்று விடியவே, பிள்ளைகளோடு இறங்கிவிடு. வின்மலியிலிருந்து வெளியேற முக்கிய வழி ஹோக்ஸ்பரி வீதிதான். கடைசி நேரத்தில் ஊர் முழுக்க அதில்தான் நிற்கும். தீ எச்சரிக்கை தரும் 'ஹசார்ட்ஸ் நியர் மீ' செயலியைத் தொலைபேசியில் போட்டு உங்கள் இடத்தைக் குறித்து வை. எந்த அறிவிப்பு வந்தால் கிளம்புவது, எங்கே போவது என்பதை இரண்டு பேரும் இப்போதே பேசித் தாளில் எழுதுங்கள்.

தீ கடந்து, திரும்பி வர அனுமதி கிடைத்ததும் சீலிங் கதவைத் திறந்து, ரோர்ச் அடித்துக் கூரையின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஒருதரம் பார்த்ததோடு விடாமல் அன்றைக்குப் பலதரம் பாருங்கள். புகை தெரிந்தால் எல்லாரும் வெளியே வந்து 000க்கு அழையுங்கள்.

இந்தக் கடிதத்தை மருமகனுக்கும் வாசித்துக் காட்டு. இந்தச் சனி ஞாயிறே ஏணியை எடுங்கள். தீ நாளில் நீ பிள்ளைகளைக் காரில் ஏற்றும்போது, அந்த வீட்டில் செய்யாமல் விட்ட வேலை ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது.

அன்புடன்,
பெரியம்மா