துகள் கலந்த நிக்கல் முலாமும் குடியானவர் யந்திரங்களும்

உழவுக்கும் முலாம் பூசும் தொழிலுக்கும் யாது சம்பந்தம் என்று வாசகர்கள் வினவக்கூடும். சோளிங்கர்ப் பக்கத்துக் குடியானவர்கள் கிணற்று நீரைக்கொண்டே நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைவிக்கின்றனர். நீரோடு ஏறிவரும் நுண்மணல் பம்பின் சுழல்தண்டைத் தேய்க்கிறது. டிராக்டரின் எண்ணெய் அழுத்த உருளையிலுள்ள தண்டில் புழுதி கீறலிடுகிறது. புல்வெட்டும் கையியந்திரத்தின் சிலிண்டர் நாளடைவில் வழுவழுப்பை இழக்கிறது. பின்னிரண்டின் ஆயுளும் பெரும்பாலும் அவற்றின் மேல் படிந்துள்ள மெல்லிய உலோகத் தோலைப் பொறுத்தது. அத்தோல் தேய்ந்துவிட்டால் அடியிலுள்ள உலோகம் விரைவில் அழியும்.

இத்தோலை மின்சாரத்தினால் படியச் செய்வதே மின்முலாம் ஆகும். நிக்கல் ஸல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் ஆகியவற்றைக் கரைத்த நீரில் பூசவேண்டிய பொருளை எதிர்முனையாகவும், நிக்கல் கட்டியை நேர்முனையாகவும் தொங்கவிட்டு மின்னோட்டம் செலுத்துவர். 1916-ஆம் ஆண்டில் வாட்ஸ் என்பவர் வகுத்த இக்கலவையே சிற்சில மாறுதல்களுடன் இன்றும் வழங்குகிறது. ஒரு சதுர டெஸிமீட்டர் பரப்புக்கு நான்கு ஆம்பியர் வீதம் செலுத்தினால், சுமார் அரை மணியில் 25 மைக்ரான் கனமுள்ள நிக்கல் படியும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு.

தனி நிக்கல் துருவைத் தடுக்குமேயன்றி உராய்வை நெடுநாள் தாங்காது. ஆதலால் அக்கரைசலிலேயே ஸிலிகன் கார்பைடு என்னும் கடினப் பொருளைச் சில மைக்ரான் அளவான துகள்களாகத் தூவி, அவை அடியில் தங்காவண்ணம் இடைவிடாது கலக்குகின்றனர். இது சாணைக்கல் செய்ய உதவும் கார்போரண்டமேயாகும். வெள்ளக் காலத்தில் ஏரிக்குள் உருண்டுவந்த கூழாங்கல்லை வண்டல் மூடிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே, பரப்பில் வந்து ஒட்டும் துகளைச் சுற்றி நிக்கல் வளர்ந்து அதை உள்ளே புதைத்துக்கொள்ளுகிறது. ஒட்டுவது முதலில் தளர்வாகவும் பின்னர் இறுக்கமாகவும் இரு படிகளில் நிகழ்கிறது என்பதை 1972-ல் குக்லியெல்மி என்பவர் கணித முறையில் விளக்கினார். துகள்கள் திரண்டு கட்டியானாலும், அளவுக்கு மீறிச் சேர்ந்தாலும் பூச்சு நொறுங்கும் தன்மையடையும். கலக்குவதில் சோம்பல் கூடாது.

சாணைப் பொடியை யந்திரத்துக்குள் வைத்தால் அது பிஸ்டனையே அராவிவிடாதோ? நியாயமான ஐயமே. பூசி முடிந்தபின் வைரக் கற்களால் பரப்பை இழைத்து மட்டமாக்குவதால் துகளின் கூர் வெளியே நீட்டிக்கொண்டிராது. சுமையைத் துகள் தாங்க, இழைத்த கோடுகளில் எண்ணெய் தங்குகிறது. ஜெர்மனியின் மாலே கம்பெனி 1967-ல் இவ்வகைப் பூச்சை நிக்கஸில் என்னும் பெயருடன் அலுமினிய என்ஜின்களுக்கென வெளியிட்டது. 1990-களில் கந்தகம் மிகுந்த பெட்ரோலினால் சில மோட்டார் வண்டிகளில் அப்பூச்சு அரிக்கப்பட்டதுமுண்டு. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பெட்ரோலிலுள்ள கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டிருப்பதால் அவ்வச்சம் நமக்குப் பெரிதன்று.

இனி, நம் ஜில்லாவுக்கு முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உருளைத் தண்டுகளுக்கு வழக்கமாக இடப்படுவது கெட்டிக் குரோம முலாம். கடினத்தில் அது சிறந்ததே. ஆயினும் அதன் தொட்டியிலிருப்பது ஆறு வலுவெண் கொண்ட குரோமியம். புற்றுநோய் விளைவிக்கும் நஞ்சு. தோல் பதனிடுவோர் கையாளும் மூன்று வலுவெண் குரோமிய உப்பு வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. குரோமத் தொட்டியில் மின்சாரத்தின் ஐந்திலொரு பங்குகூட உலோகத்தைப் படிவிப்பதில்லை. எஞ்சியதில் பெரும்பகுதி வாயுக் குமிழிகளை எழுப்பி நச்சுத் துளிகளைக் காற்றில் வீசுகிறது. நிக்கல் தொட்டியிலோ நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உலோகமாகிறது.

குரோமியம் மண்ணில் இறங்கினால் நேர்வதை அறிய நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. சோளிங்கருக்குத் தென்மேற்கிலுள்ள ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவை விட்டுச் சென்றது. சுற்றுப்புற நிலத்தடி நீரில் மஞ்சள் நஞ்சு கலந்தது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியமே இந்தியத் தர அளவின் எல்லை. நிக்கலுக்கு எல்லை இன்னும் குறைவு, 0.02 மில்லிகிராம். ஆகவே நிக்கல் தொட்டியும் தூய்மையானதென்று எண்ணற்க. அதன் கழுவுநீரையும் சுண்ணாம்பிட்டுப் படியவைத்துப் பிரித்த பின்னரே வெளியேற்றவேண்டும்.

காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் துகள் கலந்த நிக்கல் பூச்சுகளும் ஆராயப்பட்டுள்ளன. தேய்ந்த தண்டுக்கு மறுபூச்சு இடுவிக்கும் குடியானவர் கூலியை மட்டும் விசாரித்து அமையாது, எவ்வகை முலாம், எத்தனை மைக்ரான், கழுவுநீர் எங்கே போகிறது என்னும் மூன்றையும் பட்டறையில் கேட்டறிதல் வேண்டும். கழுவுநீரைத் திறந்த சாக்கடையில் விடும் பட்டறைக்கு, கூலி குறைவாயினும், வேலை கொடுக்கலாகாது.

முலாம் பூசிய சிலிண்டரைச் சாதாரண இரும்புச் சிலிண்டர்போல் கடைந்து பெரிதாக்க இயலாது. கடைந்தால் பூச்சு போய்விடும். தேய்ந்ததை மாற்றவேண்டும், அல்லது பழைய பூச்சைக் கரைத்தெடுத்து மீண்டும் பூசுவிக்கவேண்டும். இத்தேய்வின் முதற்காரணம் புழுதியாதலால், புல்வெட்டும் யந்திரத்தின் காற்று வடிகட்டியை வேலை நாட்களில் தினமும் துப்புரவு செய்து, பெட்ரோலுடன் எண்ணெயைத் தயாரிப்பாளர் குறித்த விகிதப்படியே கலந்து வருக.